தனியாக அடைபட்ட குரங்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு விலங்குக் காப்பகத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க் கூண்டு கழுவுவேன், தீனி நறுக்கிக் கொடுப்பேன். அங்கே ஒரு நாட்டுக் குரங்கு இருக்கிறது. கடுவன், பெயர் ராமு. ஒரு மர அறுவைப் பட்டறையில் இடுப்பில் சங்கிலியோடு ஒன்பது வருடம் தனியாகக் கட்டிக் கிடந்து, மீட்கப்பட்டு வந்தது. பார்க்க வருகிறவர்கள் அதன் கூண்டு முன்னால் நின்று கேட்கும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றேதான். வாராவாரம் வாயால் சொல்லிச் சொல்லி, சரி, எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

இது ஏன் சும்மா முன்னும் பின்னும் ஆடிக்கிட்டே இருக்கு? விளையாடுதா?

விளையாட்டு இல்லை. கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். இரண்டு கையாலும் தன்னையே கட்டிக்கொள்ளும், ஒரு கை எதிர்ப்பக்கத்துக் காலைப் பிடித்திருக்கும், தலை தொங்கும், அப்படியே முன்னும் பின்னும் ஆடும். பக்கத்தில் தட்டு வைத்தாலும் நிறுத்தாது. ஆட்டத்தில் ஒரு சீர் இருக்கும், தூளி ஆட்டுகிற மாதிரி.

தூளி என்று சும்மா சொல்லவில்லை. குரங்குக் குட்டி பிறந்ததிலிருந்து தாயின் வயிற்றைப் பற்றிக்கொண்டே தொங்குகிறது, தாய் நடக்கும்போதும் தாவும்போதும் அதுவும் அசைகிறது. தாயை இழந்த குட்டிக்கு அந்த அணைப்பும் இல்லை, அந்த அசைவும் இல்லை, இரண்டையும் தனக்குத்தானே செய்துகொள்கிறது. வில்லியம் மேசன் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்தார், முடிவுகள் 1975-ல் வெளிவந்தன. தாயில்லாத குட்டிகளில் சிலவற்றுக்கு அசையாத பொம்மைத் தாய், சிலவற்றுக்கு அசைந்தாடும் பொம்மைத் தாய். அசையாத பொம்மையோடு வளர்ந்தவை உட்கார்ந்து ஆடத் தொடங்கின, அசையும் பொம்மையோடு வளர்ந்தவற்றுக்கு அந்தப் பழக்கமே வரவில்லை.

டிப்ரெஷன் எல்லாம் மனுஷனுக்கு வர்றதுதானே? குரங்குக்கு எப்படி வரும்?

மனிதரிடம் மருத்துவர் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்: தூக்கம் வருகிறதா, மனசு எப்படி இருக்கிறது என்று. குரங்கிடம் கேட்க முடியாது, கண்ணால் பார்ப்பதை மட்டும்தான் எழுத முடியும். அதனால்தான் ஆய்வாளர்கள் ‘மனச்சோர்வு போன்ற நடத்தை’ என்று ஜாக்கிரதையாகச் சொல்கிறார்கள். அந்த ஜாக்கிரதை சொல்லில் மட்டும்தான். அது படும் பாட்டைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை.

எதைப் பார்ப்பது? முதுகு கூனி, தலை தோளுக்குக் கீழே இறங்கியிருக்கும். கண் திறந்திருக்கும், ஆனால் எதையும் பின்தொடராது. தூங்குகிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். தூங்கும் குரங்கின் கண் மூடியிருக்கும். சும்மா ஓய்வாக உட்கார்ந்திருக்கும் குரங்கு, பக்கத்தில் ஒரு காகம் வந்து உட்கார்ந்தால்கூடத் திரும்பிப் பார்க்கும். சோர்ந்த குரங்கின் முன்னால் வாழைப்பழத்தை நீட்டினாலும் பார்வை பழத்தைத் தாண்டி எங்கேயோ இருக்கும். ராமு வந்த முதல் மாதம் அப்படித்தான் இருந்தது.

நல்ல பெரிய கூண்டு, வேளாவேளைக்குச் சாப்பாடு, டாக்டர். இன்னும் என்ன குறை?

இன்னொரு குரங்கு இல்லை, அதுதான் குறை. அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்றில் தனித்தனிக் கூண்டுகளில் இருந்த 362 ரீசஸ் குரங்குகளை (வட இந்தியாவில் காணும் குரங்கினம்) பற்றிய கணக்கெடுப்பு 2003-ல் வெளியானது. சாப்பாடு, தண்ணீர், மருத்துவம் எதிலும் அவற்றுக்குக் குறைவில்லை. அப்படியும் 321 குரங்குகளிடம் ஏதாவது ஒரு அசாதாரணப் பழக்கம் இருந்தது, கூண்டுக்குள் ஓயாமல் ஒரே தடத்தில் நடப்பதுதான் மிக அதிகம். 362-ல் 321 என்பதை மறுபடியும் படித்துப் பாருங்கள்.

ஒரு கூட்டத்தை அரை நாள் பார்த்தாலே இது புரிந்துவிடும். தின்பது, தூங்குவது போக மீதி நேரமெல்லாம் யாராவது யாருக்காவது பேன் பார்த்துக்கொண்டிருக்கும். நாம் பேன் பார்ப்பது என்று சொன்னாலும் அது பேனுக்காக மட்டும் இல்லை, உறவு, சமாதானம், ஆறுதல் எல்லாம் அந்த விரல்களில்தான் நடக்கிறது. அமெரிக்காவின் விலங்கு நலச் சட்டத்தை 1985-ல் திருத்தியபோது, குரங்கினங்களின் மனநலத்துக்கு ஏற்ற சூழலைத் தரவேண்டும் என்று சேர்த்தார்கள். மனநலம் என்ற சொல் சட்டத்திலேயே ஏறிவிட்டது.

தனிமைதான் காரணம்னு எப்படி உறுதியா சொல்றாங்க?

வேண்டுமென்றே தனிமைப்படுத்திப் பார்த்தார்கள். சொல்லவே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அப்படித்தான் வந்தது. ஹாரி ஹார்லோ, அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். முதலில், 1950-களின் கடைசியில், குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து இரண்டு பொம்மைத் தாய்களைக் கொடுத்தார். ஒன்று கம்பியால் ஆனது, பால் புட்டி அதில் இருக்கும். இன்னொன்றில் துணி சுற்றியிருக்கும், பால் கிடையாது. குட்டிகள் பசித்தபோது கம்பிக்குப் போய்ப் பாலைக் குடித்துவிட்டு, மற்ற நேரமெல்லாம் துணியைக் கட்டிக்கொண்டு கிடந்தன. பால் கொடுப்பதால்தான் தாய்ப்பாசம் என்று அதுவரை நம்பியவர்களுக்கு அது பெரிய அடி.

அதற்கப்புறம் முழுத் தனிமை. பிறந்த சில மணி நேரத்தில் உலோகப் பெட்டிக்குள் வைத்து, வேறு உயிரையே காட்டாமல் 3 மாதம், 6 மாதம், 12 மாதம் என்று வளர்த்தார்கள். 1965-ல் முடிவுகள் வந்தன. மூன்று மாதம் இருந்தவை வெளியே வந்ததும் அதிர்ந்துபோயின, ஒரு குட்டி சாப்பிட மறுத்து ஐந்து நாளில் செத்தது, மற்றவை மெல்லத் தேறின. ஆறு மாதம் இருந்தவை சம வயதுக் குட்டிகளோடு விளையாடத் தெரியாமல் மூலையில் ஒடுங்கின. பன்னிரண்டு மாதம் இருந்தவை குரங்குகளோடு பழகும் திறனையே கிட்டத்தட்ட முழுதாக இழந்துவிட்டன. இப்படி வளர்ந்த பெண் குரங்குகள் பின்னால் தாயானபோது, பல தங்கள் குட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, சில கடித்துக் குதறின.

பள்ளத்துல போட்டு வச்சாங்கன்னு படிச்சேன், அது நிஜமா?

நிஜம். ஹார்லோவும் அவர் மாணவர் ஸ்டீவன் சுவோமியும் மனச்சோர்வை உண்டாக்கவென்றே ஒரு துருப்பிடிக்காத எஃகுத் தொட்டி செய்தார்கள், பக்கங்கள் உள்நோக்கிச் சரிந்து அடியில் குறுகியிருக்கும். குரங்கு முதல் இரண்டு மூன்று நாள் சுவரில் ஏறிப் பார்க்கும், வழுக்கி விழும். அப்புறம் ஏறுவதை விட்டுவிட்டு அடியில் சுருண்டுகொள்ளும். வாரக்கணக்கில் வைத்திருந்தார்கள்.

அந்த நாட்களில் ஹார்லோவின் மனைவிக்குப் புற்றுநோய் வந்திருந்தது, 1971-ல் அவர் இறந்தார். ஹார்லோவே 1968-ல் மனச்சோர்வுக்கு மின் அதிர்வுச் சிகிச்சை எடுத்துக்கொண்டவர். அந்த வேதனை என்னவென்று உள்ளிருந்து தெரிந்த ஒருவர் அதை இன்னொரு உயிருக்குள் உண்டாக்க முடிந்தது எப்படி என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

நம்ம ஊர்க் குரங்கும் அதே மாதிரிதானா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் நிறைய நேரம் எடுத்துக்கொள்வேன். 1960-களின் கடைசியில் நியூயார்க்கின் புரூக்ளினில் சார்லஸ் காஃப்மன், லியோனார்ட் ரோசன்பிளம் என்ற இருவர் சில ஆய்வுகளை வெளியிட்டார்கள். அவற்றில் இரண்டு வகைக் குரங்குகள். ஒன்று தென்கிழக்கு ஆசியாவின் பன்றிவால் குரங்கு. இன்னொன்று தென்னிந்தியாவுக்கே உரிய, நம் கோயில் மதில்களிலும் மலைப்பாதை ஓரங்களிலும் உட்கார்ந்திருக்கிற அதே நாட்டுக் குரங்கு. குட்டிகளைக் கூட்டத்திலேயே விட்டுவிட்டு, தாயை மட்டும் நான்கு வாரம் அப்புறப்படுத்தினார்கள்.

பன்றிவால் குட்டிகள் நான்கு. முதல் நாள் கத்திக்கொண்டு தேடி அலைந்தன. இரண்டாம் நாளுக்குள் மூன்று குட்டிகள் பந்துபோல் சுருண்டு, தலையைக் கால்களுக்கு நடுவே புதைத்துக்கொண்டு, விளையாட்டை மறந்து உட்கார்ந்துவிட்டன. ஐந்தாறு நாள் கழித்துத்தான் மெல்லத் தலை தூக்கின. நாலாவது குட்டி மட்டும் அந்த அளவுக்குப் போகவில்லை, அது கூட்டத்தில் முதலிடத்தில் இருந்த மந்தியின் பிள்ளை. நாட்டுக் குரங்குக் குட்டிகளும் அழுதன, தேடின. ஆனால் கூட்டத்தில் இருந்த மற்ற மந்திகள் அவற்றை இழுத்து அணைத்துக்கொண்டன, சுமந்து திரிந்தன. ஆழ்ந்த சோர்வு வரவில்லை.

இரண்டும் நெருங்கிய இனங்கள்தான், வாழும் விதம்தான் வேறு. பன்றிவால் மந்திகள் உறவல்லாதவற்றிடமிருந்து தள்ளி உட்காரும், குட்டியை யாரும் தொட விடாது. நாட்டுக் குரங்குகள் ஒன்றோடொன்று ஒட்டி, இடைவெளியில்லாமல் உட்காரும், சித்தியும் பெரியம்மாவும் குட்டியைத் தூக்கிப் பார்ப்பார்கள். அப்படி ஒட்டி வாழ்கிற இனத்தைத்தான் நாம் தனியாகச் சங்கிலியில் கட்டுகிறோம்.

தாய் கூடவே இருந்தா போதும்தானே?

தாயும் நிம்மதியாக இருக்க வேண்டும். அதே ரோசன்பிளம் பின்னால் 1980-களில் நாட்டுக் குரங்குத் தாய்களையும் குட்டிகளையும் வைத்து இன்னொன்று செய்தார். சில தாய்களுக்கு இரை எப்போதும் சுலபமாகக் கிடைக்கும். சிலவற்றுக்கு எப்போதும் தேடித்தான் எடுக்க வேண்டும். மூன்றாவது வகைக்குக் கொஞ்ச நாள் சுலபம், கொஞ்ச நாள் கடினம், எப்போது மாறும் என்று தாய்க்குத் தெரியாது. பட்டினி யாருக்கும் இல்லை. ஆனால் அந்த மூன்றாவது வகைத் தாய்களின் பிள்ளைகள்தான் பயந்த சுபாவத்தோடு வளர்ந்தன, அழுத்தத்தைக் கிளப்பும் மூளைச் சுரப்பு ஒன்று அவை வளர்ந்த பிறகும் அவற்றின் தண்டுவட நீரில் அதிகமாக இருந்தது. கஷ்டத்தைவிட நிச்சயமின்மைதான் தாயை அலைக்கழித்தது, அவற்றால் குட்டியை நிதானமாகக் கவனிக்க முடியவில்லை.

எங்க வீட்டுல பிள்ளை மாதிரி வளர்த்தோம், பாசமாத்தான் இருந்துச்சு. அது தப்பா?

உங்கள் பாசத்தைக் குறை சொல்லவில்லை. மேலே சொன்ன துணிப் பொம்மையை நினைத்துப் பாருங்கள். பற்றிக்கொள்ள ஏதாவது ஒன்று இருந்தால் குட்டி பற்றிக்கொள்ளும், அது உங்கள் தோளாகவும் இருக்கலாம். துணிப் பொம்மையோடு மட்டும் வளர்ந்தவை அதைக் கட்டிப்பிடித்து ஆறுதல் அடைந்தன, பிறகு குரங்குகளோடு சேர்த்தபோது எப்படிப் பழகுவதென்று தெரியாமல் நின்றன. குரங்காக இருப்பது எப்படி என்பதைக் குரங்குதான் சொல்லிக்கொடுக்க முடியும்.

அப்புறம் மூன்று நான்கு வயதில் அது கடிக்கத் தொடங்கும், அன்றைக்குச் சங்கிலி வரும். ராமுவுக்கும் அப்படித்தான் நடந்தது, பட்டறைக்காரரின் பிள்ளைகள் மடியில் வைத்துக் கொஞ்சி வளர்த்ததாம். நாட்டுக் குரங்கு கூண்டில் 30 வருடம்கூட வாழும். பாசம் இரண்டு வருடம், சங்கிலி மிச்ச நாள் முழுக்க என்றால் அந்தக் கணக்கு அதற்கு நியாயமா? வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நாட்டுக் குரங்கை வீட்டில் வளர்ப்பது குற்றமும்கூட.

தாய் கரண்டுல அடிபட்டு செத்துப்போச்சு, குட்டி மட்டும் பிழைச்சிருக்கு. என்ன பண்றது?

வனத்துறைக்குச் சொல்லுங்கள், அன்றைக்கே. அவர்கள் வரும்வரை ஒரு சுருட்டிய துண்டையோ பழைய போர்வையையோ அதன் மார்போடு அணைத்துப் பிடிக்கும்படி கொடுங்கள், அது பற்றிக்கொள்ளும், பாதிப் பதற்றம் அதிலேயே அடங்கும். கூட்டம் இன்னும் அருகிலேயே நின்றால், ஆட்களை விலக்கிவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். புரூக்ளின் மந்திகள் செய்ததை உங்கள் தெரு மந்தி ஒன்றும் செய்யலாம்.

தன் கையையே கடிச்சுக்குதே, வெறி பிடிச்சிருக்கா?

இல்லை. தனிக் கூண்டுக் குரங்குகளில் ஒரு பகுதி தன்னையே கடிக்கும், சில நேரம் தையல் போடும் அளவுக்கு. யாராவது முறைத்துப் பார்த்தாலோ பக்கத்துக் கூண்டில் சண்டை நடந்தாலோ, திருப்பி அடிக்கவும் ஆளில்லை, ஓடவும் இடமில்லை, கோபம் தன் உடம்பின் மேலேயே திரும்புகிறது. ராமுவிடம் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். உட்கார்ந்திருக்கும்போது அதன் பின்னங்கால் தானாக மெல்ல மேலே எழும்பும். காது மடலைத் தொடும்வரை வரும். ராமு அதைத் திடுக்கிட்டுப் பார்க்கும், யாரோ அந்நியன் வந்துவிட்ட மாதிரி, பல்லைக் காட்டி உறுமி அந்தக் காலையே கடிக்கும். முதல் தடவை பார்த்த அன்று எனக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

காட்டுல தனியா சுத்துற கடுவன் இருக்கே, அதெல்லாம் நல்லாத்தானே இருக்கு?

இருக்கிறது. வளர்ந்த ஆண் பிறந்த கூட்டத்தை விட்டு இன்னொரு கூட்டம் தேடிப் போகும் வழியில் கொஞ்ச காலம் தனியாகத் திரியும். அது முதலில் கூட்டத்தில் வளர்ந்து எல்லாம் கற்றுக்கொண்டது. தூரத்தில் மற்ற குரங்குகளின் குரல் கேட்கும், வேண்டுமென்றால் கிட்டப் போகலாம். ராமுவுக்குக் கதவு வெளியிலிருந்து பூட்டியிருந்தது.

கூட்டமா வச்சா டிப்ரெஷன் வராது, அப்படித்தானே?

அப்படி முடித்துவிட முடியாது. வட கரோலினாவில் கரோல் ஷைவ்லி என்ற ஆய்வாளர் நீளவால் குரங்குகளில் பெண்களை மட்டும் சிறு சிறு குழுக்களாக வைத்துப் பல வருடம் கவனித்தார். குழுவுக்குள்ளேயே சில, முன்பு சொன்ன அதே கூனல் உட்கார்வு, திறந்த கண், வெறித்த பார்வையோடு இருந்தன. குழுவின் அடிமட்டத்தில் இருந்து அடி வாங்கியவற்றிடம் இது அதிகம். அப்படிச் சோர்ந்தவற்றின் இதய ரத்தக் குழாய்களில் கொழுப்புப் படிவும் அதிகமாக இருந்தது. ஆக, கூட்டம் வேண்டும், அதற்குள் ஓடி ஒளிய இடமும் வேண்டும், ஒட்டி உட்கார ஒரு துணையாவது வேண்டும்.

கட்டின ஆண் செத்தா மந்தி மலையிலிருந்து விழுந்து செத்துடும்னு சங்கப் பாட்டுல வருதே?

குறுந்தொகையின் 69-ஆம் பாட்டு. குரங்குகள் அப்படி உயிரை விடுவதை யாரும் ஆய்வில் பதிவு செய்ததாகச் சொல்ல மாட்டேன், அது தோழி தலைவனை இரவில் வராதே என்று தடுக்கச் சொல்லும் சொல். என் கண் நிற்பது வேறு இடத்தில். விழுவதற்கு முன் அந்த மந்தி, தொழில் கற்காத தன் குட்டியைச் சுற்றத்திடம் சேர்த்துவிட்டுப் போகிறது. சுற்றத்து மந்திகள் குட்டியை ஏற்றுக்கொள்ளும் என்பது அந்தப் புலவருக்குத் தெரிந்திருக்கிறது.

துக்கத்தில் சாவது நடக்கிறது. சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குடால் கவனித்த, ஆப்பிரிக்காவின் கோம்பே காட்டில் ஃப்ளோ என்ற வயதான சிம்பன்சி 1972-ல் இறந்தது. எட்டு வயது மகன் ஃப்ளின்ட் சாப்பாட்டைக் குறைத்து, ஒதுங்கி, உடல் நலிந்து ஒரு மாதத்துக்குள் தானும் இறந்தது.

மாத்திரை கொடுத்தா சரியாயிடுமா?

கொஞ்சம் குறையும். 1978-ல் சுவோமியும் மனநல மருத்துவர் வில்லியம் மெக்கின்னியும் மற்றவர்களும், பிரிவில் சோர்ந்த ரீசஸ் குரங்குகளுக்கு இமிப்ரமைன் கொடுத்துப் பார்த்தார்கள். மனிதர்களுக்குக் கொடுக்கும் அதே மனச்சோர்வு மருந்து. சுருண்டு கிடப்பது குறைந்தது. தன்னைக் கடிக்கும் குரங்குகளுக்கு ஃப்ளுவாக்ஸெட்டின் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்தைக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. ஆனால் தனிக் கூண்டு அப்படியே இருக்க மாத்திரை மட்டும் கொடுப்பது, நெருப்பை அணைக்காமல் வெந்த இடத்துக்கு மட்டும் மருந்து போடுகிற மாதிரி. கால்நடை மருத்துவர் சொல்லாமல் யாரும் கொடுக்கவும் கூடாது.

அப்போ இதுக்கு மருந்தே இல்லையா?

இருக்கிறது, அது இன்னொரு குரங்கு. எந்தக் குரங்கு என்பதில்தான் விஷயம். ஆறு மாதத் தனிமையில் வளர்ந்தவற்றைச் சம வயதுக் குரங்குகளோடு விட்டபோது அடிதான் வாங்கின. பிறகு 1972-ல் சுவோமியும் ஹார்லோவும் வெளியிட்ட ஆய்வில், மூன்றே மாதமான பெண் குட்டிகளோடு விட்டார்கள். அந்த வயதுக் குட்டிக்கு அடிக்கத் தெரியாது, கட்டிப்பிடிக்கத்தான் தெரியும். மூலையில் ஒடுங்கியிருந்ததைப் போய்க் கட்டிக்கொண்டன. சில வாரத்தில் ஒடுங்கியிருந்தது திருப்பிக் கட்டிக்கொண்டது. அப்புறம் குட்டிக்கு விளையாடும் வயது வந்தது, இதுவும் கூடவே விளையாடக் கற்றது. சில மாதத்தில் பழைய ஆட்டமும் ஒடுங்கலும் பெரும்பாலும் மறைந்துவிட்டன. பன்னிரண்டு மாதம் அடைபட்டவையும் தேறும் என்று மெலிண்டா நோவாக் 1975-ல் காட்டினார்.

கொடுமை பண்ணிக் கண்டுபிடிச்சதை நாம பயன்படுத்தலாமா?

பயன்படுத்தாமல் விட்டால் அந்தக் குட்டிகள் பட்டது முழுக்க வீண். திரும்பச் செய்வதற்குத்தான் காரணமே இல்லை, பதில் தெரிந்த கேள்வியை எத்தனை தடவை கேட்பது? அந்தக் காலத்தில் அமெரிக்கக் கூடங்களுக்கு ரீசஸ் குரங்குகள் பெருமளவில் வட இந்தியாவிலிருந்துதான் போயின, 1978-ல் இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியது. 1998-ல் குரங்குகளைப் பழக்கி வித்தை காட்டுவதையும் இந்திய அரசு தடை செய்தது. மேரிலாந்தில் சுவோமி நடத்திய ஆய்வை முடித்துக்கொள்வதாக அமெரிக்க அரசு 2015 டிசம்பரில் அறிவித்தது.

ராமுவைக் காட்டுல விட்டுடலாமே?

ஒன்பது வருடம் குரங்கு முகம் பார்க்காததைக் கொண்டுபோய் ஒரு கூட்டத்தின் எல்லையில் விட்டால், அவை அந்நியனைக் கண்டு பாயும், ராமுவுக்குப் பணிந்து காட்டவும் தெரியாது. இப்போது கம்பி வலைக்கு அந்தப் பக்கம் தாயில்லாத ஒரு பெண் குட்டியை வைத்திருக்கிறோம். முதல் பத்து நாள் ராமு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தது. போன ஞாயிறு குட்டி வலை வழியாக விரலை விட்டு அதன் முதுகு மயிரைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தது, ராமு நகரவில்லை. ஆடிக்கொண்டும் இல்லை. வலையை எப்போது திறப்பது என்பதை மருத்துவர்தான் சொல்வார்.

பார்க்க வர்ற நாங்க என்ன செய்யலாம்?

கண்ணுக்குள் உற்றுப் பார்க்காதீர்கள், குரங்குக்கு அது மிரட்டல். கம்பியைத் தட்டிக் கூப்பிட வேண்டாம். பிஸ்கட், பன், சிப்ஸ் எதுவும் வேண்டாம். தோலோடு நிலக்கடலை, ஓடோடு புளியம்பழம், இலையும் பட்டையும் இருக்கிற முருங்கைக் கிளை, இப்படி உரித்துத் தேடித் தின்ன நேரம் பிடிப்பதாகக் கொண்டு வாருங்கள். வாசலில் வலது பக்கம் ஒரு கூடை இருக்கும், அதில் போட்டுவிட்டால் நாங்கள் உள்ளே வைக்கோலுக்குள் ஒளித்து வைத்துவிடுவோம்.